ராஜப்பா வீட்டில் உம் கொட்டுவதில்லை

கோலார் தங்கவயலில் ஒரு பெண் என்ஜினீயரிங் படித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நர்ஸிங் என்றால் நல்லதாயிற்று என்பார்கள். அனுப்ரியா பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் என்று ஒரு பட்டப்படிப்பை எடுத்தாள். ஊர் சும்மா விடுமா? மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறியதும், பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள் "ஜப்பான்காரி வந்துட்டா, எடம் வுடுங்க" என்பார்கள். இடம் விடுவார்கள்தான். ஆனால் அந்த மொழியில் அவளுக்கு என்ன பிடித்தது என்று இரண்டு வருஷத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை. "அத்த படிச்சா இன்னா சம்பளம்?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

ஊரைக் குறை சொல்லியும் பயனில்லை. கோலாரை அடுத்த நரசாபுரம் தொழிற்பேட்டையில் ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன, மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவளும் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு சம்பளம் மறந்துபோய் மொழி பிடித்துக்கொண்டது. வினை அங்கேதான் வந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் பெங்களூர்ப் பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் அரட்டை அடிப்பார்கள். இவள் ரயிலைப் பிடிக்க ஓடவேண்டும். தெரிந்ததைப் பேசிப் பார்க்க ஆளில்லாமல், குழாயடியில் குடம் நிறையும்வரை தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கொள்வாள். காத்து கருப்பு அண்டிவிட்டதோ என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா விபூதி கொண்டுவந்து கொடுத்ததுதான் மிச்சம்.

வீட்டில் அப்பா ராஜப்பா மட்டும்தான். அம்மா இறந்து சில வருஷம் ஆகிறது. ராஜப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர் காது அதற்கு முன்பே போய்விட்டது. கத்திச் சொன்னால், சொல்பவர் வாயையும் பார்த்தால், பாதி புரியும். காதில் மாட்டும் கருவி ஒன்று கோலார் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். "திரும்ப சொரங்க ஷாஃப்டுல எறக்கி வுட்ட மாதிரி இரையுது" என்று கழற்றி வைத்துவிட்டார்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் பேசும்போது எதிரில் இருப்பவர் உம் கொட்டக்கூடாது. நம் உதடு அசைந்தால் போதும், ஏதோ சொல்கிறோம் என்று பேச்சை நிறுத்தி "இன்னா சொன்ன?" என்பார். சும்மா உம் கொட்டினேன் என்று கத்தி விளக்குவதற்குள் அவருக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். முகம் சுருங்கிப்போகும். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி, முடியும்வரை கேட்பார்கள். அனுப்ரியா சின்ன வயதிலிருந்து பழகிய மரியாதை இது.

மூன்றாம் வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தங்கிப் படிக்க, வகுப்பிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அனுப்ரியாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் கேட்கும் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லும் ஊரில் ஒரு வருஷம் இருந்தால் போதும். "போய்ட்டு வா, நான் சோறாக்கிக்கிறேன்" என்றார் ராஜப்பா.

நேர்காணல் கணினியில் நடந்தது. திரையில் நரைத்த தலையோடு ஒரு ஜப்பானியப் பேராசிரியை. பக்கத்தில் ஆசிரியை ஷில்பா மேடம். பேராசிரியை தன் ஊர்ப் பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, கொஞ்சம் நிறுத்தினார். அங்கே கேட்பவர் நடுநடுவே "ஹை" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொன்னால்தான் காதில் விழுகிறது என்று அர்த்தம். இது முதல் வருஷப் பாடம். அனுப்ரியா பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியதும்கூட. ஆனால் வயதான ஒரு முகம் எதிரில் வந்து பேசத் தொடங்கியதும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"கேட்கிறதா?" என்றார் பேராசிரியை. "கேட்கிறது" என்றாள். மறுபடியும் அவர் பேச, மறுபடியும் இவள் மௌனம். ஷில்பா மேடம் ஒயரை ஆட்டிப் பார்த்தார். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை என்று பேராசிரியை முடிவுகட்டிவிட்டார். பனியைப் பாதியில் விட்டு, பெயர் என்ன, ஊர் எது என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டு, நன்றி சொல்லி முடித்தார். அடுத்து வந்த பிரதாப் இலக்கணத்தை உண்டு இல்லை என்று ஆக்கினான். ஆனால் மூச்சுக்கு மூச்சு "ஹை" போட்டான். இடம் அவனுக்குக் கிடைத்தது.

"ஏன் அப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தே?" என்று ஷில்பா மேடம் ஆதங்கத்தோடு கேட்டார். என்ன சொல்வாள்? எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை என்றா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

ராஜப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"கெடைக்கல நைனா!" தெருவுக்கே கேட்கும்படி கத்தவேண்டியிருந்தது.

"ஏன்? இன்னா தப்பு பண்ண?"

காரணம் தொண்டைவரை வந்தது. சொல்லிவிட்டால் அவர் இனி அவளிடம் வாய் திறக்கவே யோசிப்பார். "ஒரு சீட்டுதான் நைனா" என்றாள்.

சோறு போட்டு வைத்துவிட்டு, தனக்கு மேஸ்திரி வேலை கைநழுவிப் போன கதையை அவர் ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தார். மறுபடியும் தானாக மூடிக்கொண்ட தன் வாய் மேலேயே அனுப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. வேண்டுமென்றே "உம்" என்றாள்.

அவர் நிறுத்தினார். "இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல நைனா, சொல்லு."

எங்கே விட்டோம் என்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. "வுடு" என்று சிரித்தார். "நெசத்த சொல்லட்டுமா? நீ போறேன்னதும் எனக்கு பயமா பூட்சு. வெளிய யாராண்ட பேசுனாலும் சும்மா தலையாட்டிட்டு பூடுறாங்க. உங்கம்மாவும் நீயும்தான் எம்மூஞ்ச பாத்து கடைசி வரிக்கும் கேட்டீங்க. இப்ப நீ ஒருத்திதான்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் உதடு அசையும், அவர் நிறுத்திவிடுவார். அனுப்ரியா வாயை இறுக மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ராஜப்பா சந்தோஷமாக மேலே பேசினார்.