உட்காராத பெரியம்மா

எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. போடியிலிருந்து எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறும்போது ஒரு தும்மல் போட்டேன், சிறுநீர் கசிந்து சேலை நனைந்துவிட்டது. சட்டென்று பாட்டில் தண்ணீரை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். அந்த நடிப்புக்குப் பரிசே கொடுத்திருக்கலாம்.

“ஏக்கா, வளைவுல போயி யாராச்சும் தண்ணி குடிப்பாகளா?” என்று சிரித்தாள், காயெடுக்க வரும் செல்வி.

அன்றிலிருந்து மலைக்குப் போகும் நாளில் தண்ணீரையே தொடவில்லை. வழியில் ஒதுங்க இடமில்லாததால், அந்த ஜீப்பில் வரும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பத்தே நாளில் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்தன, கசிவும் கூடியது.

“தண்ணியக் கொறச்சு கிருமியச் சேத்துக்கிட்டீங்க. இந்த வயசுல தசை தளர்ந்தாலும் ஒழுகும், சர்க்கரை இருந்தாலும் ஒழுகும். மொதல்லயே வந்தா என்னம்மா?” என்றார் டாக்டர்.

மருந்திலும் இடுப்புத் தசைப் பயிற்சியிலும் எனக்குச் சரியாகிவிட்டது. பெரியம்மாதான் என்னை விடமாட்டேன் என்கிறாள். அவள் யார் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை; வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள். “மகாராணிக்கு நம்ம நாற்காலி ஆகாது” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவள் நான்தான். நாற்காலி நனைந்துவிடுமோ என்று பயந்துதான் நின்றாளோ என்னவோ; அவள் இறந்து வருடங்களாகின்றன. காலி நாற்காலியைக் கண்டால், இப்போதும் அதன் பக்கத்தில் நிற்கிறாள்.

இப்போது வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கிறேன். வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்கிறேன். எதற்கு என்று டிரைவர் கேட்டால், எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறேன்.