மஞ்சள் காமாலை என்று சொன்னேன்

பொழிச்சலூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளை நாலு நாள் கண்ணில் படாவிட்டால் எல்லோரும் விசாரித்துவிடுவார்கள். என் மகள் கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தபோது, அவளுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தேன். காய்ச்சல் என்றால் ஒரு வாரம்தான் தாங்கும், காமாலை ஒரு மாதம் தாங்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உண்மை வேறு. அவளுக்கு வயது பத்தொன்பது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, எனக்கு உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுது" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "முதல்ல வாயைக் கழுவு" என்றேன். அடுத்த நாள்தான் புத்தி வந்து, தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். இப்போதைக்கு அவளைத் தனியாக விடக் கூடாது. சாகணும்னு தோணுதா என்று தினமும் நேராகவே கேட்க வேண்டும்.

"கேட்டா அந்த நினைப்பு வந்துடாதா சார்?"

"வராதுங்க. கேக்கலேன்னாதான் அவங்க அதைத் தனியா சுமக்கறாங்க."

முதலாவதைச் செய்தேன். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவள் கூடவே இருந்தேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வருவார். இரண்டாவதற்கு எனக்கு தைரியம் வரவில்லை. முப்பது பேரை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற கணக்கு டீச்சர் நான். வீட்டில், "சாப்பிட்டியா, தூங்கினியா, தலை வாரி விடட்டுமா" என்று அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

காமாலை கட்டிடம் முழுக்கப் பரவியது. கீழ்வீட்டு அக்கா தனியாக இருப்பவர், ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, டம்ளரோடு மேலே வந்துவிடுவார். "எண்ணெயை மட்டும் கண்ல காட்டாத" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். மகளுக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கொடுக்க முடியாது. கொட்டவும் மனம் வரவில்லை. மூன்று வாரமும் நானே குடித்தேன். பொய் சொன்ன வாய்க்கு அந்தக் கசப்பு தேவைதான்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அவள், "பஜ்ஜி போட்டுத் தர்றியாம்மா?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. பாவி, நான் என்ன சொன்னேன்? "அக்கா வீட்டுக்கு வாசனை போயிடும்டி. இட்லி சாப்பிடு."

அவள் என்னையே பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. "நான் செத்துப் போயிருந்தாலும் காமாலைன்னுதாம்மா சொல்லியிருப்ப?"

ஆமாம், சொல்லியிருப்பேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கிப் போனது, அந்தச் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிட்டது.

"என்னம்மா?"

"சாகணும்னு தோணுதாடி?" இரண்டாம் தடவை கேட்பது சுலபமாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு இல்ல. நேத்து தோணிச்சு. நீ குளிக்கப் போனப்போ."

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீ கேக்கலையே."

நான் அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மருத்துவருக்கு போன் செய்து நேற்று நடந்ததைச் சொன்னேன். அன்று மாலையே வரச்சொல்லி, அவளோடு வெகுநேரம் பேசினார். இன்னும் சில வாரம் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார். எனக்கோ திங்கட்கிழமையோடு லீவு முடிகிறது. காமாலைக்காரிக்குக் காவல் எதற்கு என்று கேட்டால் யாரிடம் என்ன சொல்வது?

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. அக்கா டம்ளரோடு நின்றார். நான் மகளைத் திரும்பிப் பார்த்து, "சொல்லட்டுமா?" என்றேன். அவள் தலையாட்டினாள்.

"காமாலை இல்லக்கா, பொய் சொல்லிட்டேன். அவளுக்கு மனசு சரியில்ல. செத்துப் போயிடணும்னு தோணுதாம். ட்ரீட்மென்ட் நடக்குது. திங்கட்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகணும். அவளைத் தனியா விட முடியாது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பிப்பார், அறிவுரை சொல்வார் என்று காத்திருந்தேன். அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ எண்ணெய் சேத்துக்கலாமா?"

"சேத்துக்கலாம்க்கா."

திங்கட்கிழமை ஏழரைக்கே மேலே வந்துவிட்டார். ஒரு பையில் வாழைக்காய், கடலை மாவு, அன்றைய பேப்பர், மூக்குக்கண்ணாடி. உட்காருவதற்கு முன்பே மகளிடம், "மூணு வாரமா நான் அரைச்சதை யாருடி குடிச்சது?" என்று கேட்டார்.

"அம்மாதான் ஆன்ட்டி." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

செருப்பை மாட்டிக்கொண்டு, அக்கா முன்னாலேயே அவளிடம், "இன்னிக்கு?" என்றேன்.

"இன்னிக்கு இல்லம்மா. தோணினா ஆன்ட்டிகிட்ட சொல்றேன். நீ போயிட்டு வா."

நான் படியிறங்கி கேட்டைத் திறக்கும்போது, எண்ணெய் காயும் வாசனை தெருவரைக்கும் வந்தது.