கார் கதவு சாத்துகிற சத்தம்

மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்கு மோட்டார் ரிப்பேருக்காகப் போயிருந்தேன். அதன் முதலாளி வெள்ளைத் தொப்பியும் ஒற்றைக் கையுறையுமாக வரப்பில் நின்று கோல்ஃப் பந்து அடித்துக்கொண்டிருந்தார். விலை உயர்ந்த மட்டைதான். ஆனால் தகர டப்பாவைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது என்று அவருக்கு ஒரே கவலை.

“கார் கதவு சாத்துற மாதிரி வரணும்பா. கம்மியா, கெத்தா.”

மட்டையின் தலை உள்ளே வெறும் கூடு. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகச் சூடான க்ளூவை உள்ளே விட்டேன். அது இறுகும்வரை அவரே வாயால் ஊதிக்கொண்டு நின்றார்.

சத்தத்தைக் கவனிப்பதற்காக, அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம்.

“எதிர்ல உப்பு வார்றாங்க சார்,” என்றேன்.

“நானா அங்க போய் நிக்கச் சொன்னேன்?” என்றார், அவர்களுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி.

அடித்தார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் அலறியபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் அவளிடம் ஓடினார்கள். முதலாளி கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மா கத்துனதுல எனக்கு மட்டைச் சத்தமே கேக்கலை. நீ சொல்லு, எப்படி இருந்துச்சு?”

அவர் கேட்ட இந்தக் கேள்வியைப் பல பேரிடம் சொல்லி அவரைத் திட்டியிருக்கிறேன். நான் சொன்ன பதிலை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

“அப்படியே கார் கதவுதாங்க.”