தனபாலின் நாற்பது நொடி

செத்துப்போன புருஷனோடு சண்டை போட்டு ஜெயிப்பது எவ்வளவு சுலபம் என்று நர்மதாவுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அவன் எதிர்த்துப் பேசமாட்டான், அவ்வளவுதான்.

கோபாலபுரம் செக்போஸ்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தோப்புக்கு நடுவே அவர்கள் வீடு. தனபால் அங்கே உட்கார்ந்துதான் ‘மடை’யை எழுதினான். அது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க். ஆப் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதாமல் இதன் மேல் கட்டிக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ், யாரும் சும்மா எடுக்கலாம், திருத்தலாம். கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஒரு பட்டன் வைக்கப் பதினோரு வரி எழுத வேண்டும், ஏன் என்று எங்கும் சொல்லியிருக்காது. தலைக்கனம் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

“ஏனுங் மாமா, நம்ம ரெண்டு பேரத் தவுத்து இது ஆருக்குப் புரியும்?” என்று ஒருநாள் அவள் வெடித்தாள்.

“புரியறவனுக்குப் புரியும்” என்றான்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மோட்டார் போடப் போனவன் மாரடைப்பில் அங்கேயே சாய்ந்தான். வயது முப்பத்தெட்டு.

அதன்பிறகு மடையை நம்பியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரிகளுக்கு ஆப் எழுதும் அன்னமேரி, “மூணு நாளா முட்டிப் பாத்துட்டேன் அக்கா, இத விட்டுர்றேன்” என்று எழுதியபோது நர்மதாவுக்கு ரோஷம் வந்தது. மொத்தத்தையும் எளிதாக்கித் திருப்பி எழுத உட்கார்ந்தாள்.

அங்கேதான் அவன் இருந்தான். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயரும் நேரமும் நிற்கும். தனபால், காலை ஐந்து பன்னிரண்டு: அது செவலை மாடு கன்று போட்ட நாள். தனபால், மாலை நான்கு: அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். அவள் ஒரு வரியை மாற்றினால் அவன் பெயர் போய் அவள் பெயர் வரும். பட்டப்பகலில் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. “கோவிச்சுக்காதீங்க மாமா” என்பாள். பயந்துகொண்டேதான் அழித்தாள். ஆனாலும் அழித்தாள்.

பதினோரு வரி இரண்டானது. கடைசியில் ஒரு சின்னப் பகுதி மிஞ்சியது. போனிலிருந்து அனுப்பிய பதிவுக்குச் சர்வரிலிருந்து பதில் வராவிட்டால் மடை நாற்பது நொடி சும்மா நிற்கும், போனது சேர்ந்ததா என்று விசாரிக்கும், அப்புறம்தான் மறுபடி அனுப்பும். மேலே ஒரே சொல் எழுதியிருந்தான்: பொறு. நாற்பது நொடி யார் பொறுப்பார்கள்? அதையும் எடுத்தாள். பதில் வராவிட்டால் உடனே மறுபடி அனுப்பும்படி செய்து, புதிய மடையை வெளியிட்டாள்.

அந்த வாரமே வள்ளியாத்தாள் வாசலில் வந்து நின்றாள். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை பதிகிற ஊர் ஆப்பும் மடைமேல் கட்டியதுதான்.

“ஏனம்மிணி, மேக்கால ஊட்டுக்காரங்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு முறை உளுந்திருக்குது. எம்பட முறை வர்றதுக்குள்ள வாய்க்காலையே அடைச்சுப் போட்டாங்க. தக்காளி நாத்து பூராக் கருகிப் போச்சு.”

நர்மதா போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நடந்தாள். இங்கே கேரளா டவர், பத்தடி தள்ளித் தமிழ்நாட்டு டவர். மாறுகிற நேரத்தில் சிக்னல் செத்து, அரை நிமிஷம் கழித்து வரும். பதிவு போய்விடும், பதில் மட்டும் வராது; புதிய மடை உடனே இன்னொன்றை அனுப்பிவிடும். ஒரே ஆளின் பதிவு இரண்டாகப் போனது அப்படித்தான். மோட்டார் போட வந்த நாளெல்லாம் தனபால் இங்கே நின்று நொடி எண்ணியிருக்கிறான். கல்யாணமான நாள் முதல் இதே மேட்டில் நடக்கிற தனக்கு அது தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வள்ளியாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு, தன் தோப்பின் முறையை அவளுக்கு மாற்றிக் கொடுத்தாள். நாற்பது நொடியைத் திரும்பச் சேர்த்தாள். இந்த முறை மேலே ஒன்பது வரி விளக்கம். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவள், அதன் கடைசியில் எழுதினாள்: இதைக் கண்டறிந்தவர் தனபால்.

மறுநாள் அன்னமேரி எழுதியிருந்தாள். “ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டேன் அக்கா! அந்த நாப்பது நொடி விளக்கம் அருமை. எங்க மலையிலயும் இதே தொல்லைதான். பழசுல ஏன் ஒண்ணுமே எழுதல? நீங்க அவர்கிட்டயே அப்பவே கேட்டிருக்கலாம்ல?”



“கேக்கற மாதிரிக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரும்மா” என்று நர்மதா பதில் எழுதினாள்.