கிழிந்த இடம்

ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எமி வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அம்மா ஜெயசுந்தரி சர்ச் பாடகர் குழுவில் வெகுகாலமாகப் பாடுகிறவர். பெண்ணின் குரல் தன் குடும்பச் சொத்து என்றே நினைத்திருந்தார். அந்தச் சொத்தைப் பத்தாம் வகுப்பிலேயே எமி ஒரு ராக் பாண்டில் கொண்டுபோய்க் கொட்டியதில் அவருக்கு மகா வருத்தம். டிரம்ஸுக்கு ஆரோன், கிட்டாருக்கு யூசுப், இருவரும் வகுப்புத் தோழர்கள். குழுவுக்கு 'லெவல் கிராசிங்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ராசியோ என்னவோ, வருஷக்கணக்காகக் கேட் திறக்கவே இல்லை.

கல்லூரி விழாவில் சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் சமோசா வாங்கக் கிளம்பிவிடும். பப்பில் வாய்ப்பு வந்தால் அன்றைக்குப் பார்த்து பந்த் வரும். பந்த் இல்லாத வாரம் யூசுப்புக்கு ஜீடிமெட்லா மருந்து ஆலையில் ஷிஃப்ட் விழும். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, எமி மாதாப்பூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். வேலையில் ஓயாத பேச்சு, ஒத்திகையில் ஓயாத கத்தல். ஒருநாள் கட்டிக்கொண்ட தொண்டை அப்புறம் விடவே இல்லை. குரல்நாணில் காய்ப்பு என்றார் டாக்டர். மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரலை மறந்துவிட வேண்டியதுதான்.

எமி ஆடிப்போனாள். குரல் போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஸ்டுடியோவுக்கு ஏற்கெனவே நாள் குறித்தாயிற்று.

"ஒரே பாட்டு, ஆரோன். பாடிட்டு வாயை மூடிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல ஆரோனுக்கு மனம் வரவில்லை. 'நக்கோ, நக்கோ' என்று ஹைதராபாத் பேச்சில் ஒரு பெண் மன்றாடுகிற பாட்டு அது. வேண்டாம், விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். கடைசி 'நக்கோ'வில் எமியின் குரல் கிழிந்தது. திரும்பப் பாட முடியாததால் அப்படியே இணையத்தில் போட்டார்கள்.

அவள் பேசாமல் கிடந்த மாதங்களில் அந்தக் கிழிசல் ஊரெல்லாம் ஒலித்தது. ஐ.டி. கம்பெனிகள் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டன. பெங்களூரிலிருந்துகூட அழைப்பு வந்தது. குரல் தேறிவிட்டது என்று டாக்டரும் சொன்னார். எமி சந்தோஷமாக மேடையேறிச் சுத்தமான குரலில் பாடினாள். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. "ரெக்கார்டில் கேட்ட மாதிரி இல்லையே" என்று முகம் சுளித்தார் ஏற்பாட்டாளர்.

"அந்த ஒரு இடம் மட்டும்தான், எமி. கொஞ்சம் உடைச்சாப் போதும்" என்றான் ஆரோன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

உடைந்த மாதிரி நடிக்க அவளுக்கு வரவில்லை. அதனால் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் குளியலறையைத் தாழிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தொண்டை புண்ணாகும்வரை கத்த ஆரம்பித்தாள். அரங்குகள் நிரம்பின. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாள். சர்ச்சில் இப்போது அவளால் ஒரு கீர்த்தனையைக்கூட முழுசாகப் பாட முடியவில்லை. பாழாய்ப்போன வெற்றி அவளை உள்ளிருந்தே தின்றது.

கச்சிபௌலி மைதானத்தில் லெவல் கிராசிங்கின் ஆகப் பெரிய கச்சேரி. மத்தியானம் ஜெயசுந்தரி குளியலறைக் கதவைத் தட்டினார்.

"உள்ள என்னட்டி செய்யுத? இருக்கிற குரலும் போயிரும்ட்டி. நக்கோ எமி, நக்கோ."

எமி துண்டை எடுத்துவிட்டு, அந்தக் கடைசி 'நக்கோ'வை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

"இன்னும் உடையலம்மா" என்று சொல்லிவிட்டு, துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.