வாய்க்குள் நின்ற பெயர்

மூன்றாம் ஆண்டு நர்சிங் படிக்கும்போது எனக்கு நோயைப் பார்த்துப் பயம் இருந்ததில்லை. சீழ், ரத்தம், வாந்தி எதற்கும் முகம் சுளித்தவள் இல்லை. நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லத்தான் பயம்.

மதியம் ஒன்றரை மணிக்கு ஷிஃப்ட் மாறும். காலையில் இருந்தவர்கள் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று, அடுத்து வருகிறவர்களிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். ஹேண்ட் ஓவர் என்போம். மாணவிகளான நாங்களும் எங்களுக்குக் கொடுத்த கட்டில்களுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, காலையில் என்ன நடந்தது. சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள். பன்னிரண்டரை மணியிலிருந்தே எனக்கு உள்ளங்கை வேர்க்கத் தொடங்கிவிடும்.

நான் ஆத்தூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். எழுத்துத் தேர்வென்றால் வகுப்பில் முதல் ஆள். எழுதும்போது எந்த வார்த்தையும் சத்தம் போடாது, அதனால் பிரச்சினை இல்லை. முதல் ஆண்டில் ஒரு நாள், ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் என்னைக் கை காட்டினார். இஸ்கீமியா என்று சொல்ல வேண்டியதை இஸ்செமியா என்றேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. வார்டே சிரித்தது. கட்டிலில் படுத்திருந்தவரும், அது தன்னுடைய நோயின் பெயர் என்று தெரியாமலே, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து விடுதியில் எனக்குப் பெயர் இஸ்ஸு.

எனக்கு ஒரு குணம் உண்டு. எது பயமுறுத்துகிறதோ அதையே தோண்டுவேன். அந்த வாரமே நூலகத்தில் இருந்த பெரிய மருத்துவ அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வார்த்தைகள் எதுவும் ஆங்கிலமே இல்லை, பாதி கிரேக்கம், பாதி லத்தீன் என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. கிரேக்கத்திலிருந்து வந்த வார்த்தையில் 'சிஹெச்' வந்தால் அது பெரும்பாலும் 'க்'. கெமிஸ்ட்ரி, ஸ்டமக் எல்லாம் எந்த விதியும் தெரியாமல் நான் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நிமோனியாவின் முதலில் வாயை மூடிக்கொண்டிருக்கும் 'பி', ஆப்னியாவின் நடுவில் வந்தால் பேசுகிறது. நோட்டுப் போட்டு ஒவ்வொரு வார்த்தையின் மேலும் பென்சிலால் தமிழில் எழுதினேன். தமிழில் 'ப' ஒன்றுதான், அங்கே மூன்று விதமாக வருகிறது. அதனால் அடையாளங்கள் வைத்தேன். எந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. கல்லூரிப் பேருந்தில் இயர்ஃபோனை மாட்டி, கைபேசியில் ஒரு வார்த்தையை இருபது தடவை கேட்பேன். பிரிட்டிஷ் குரல் ஒன்று சொல்லும், அமெரிக்கக் குரல் இன்னொன்று சொல்லும். புள்ளியை அழித்து வேறு இடத்தில் வைப்பேன்.

இவ்வளவு படித்ததில் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. முன்பு ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரியும். இப்போது நான்கு வழி தெரிந்தது.

அதனால் வேறு வழி பார்த்தேன். கட்டிலை மாற்றிக்கொள்வேன். என் தோழி திண்டுக்கல் டவுன்காரி, அப்பா அம்மா இரண்டு பேரும் ஆசிரியர்கள், ஆங்கிலவழிப் படிப்பு. அவள் வாயில் எந்த வார்த்தையும் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். காலையில் யாருக்கு எந்தக் கட்டில் என்று பட்டியல் போட்டதும் அவளிடம் ஓடுவேன். பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி மாதிரி நீளமான பெயர்களை அவள் எடுத்துக்கொள்வாள். ஹெர்னியா, ஃப்ராக்சர் எல்லாம் எனக்கு. பதிலுக்கு அவளுடைய கட்டில்களுக்கும் நானே விரிப்பு மாற்றுவேன்.

"ஏலே இஸ்ஸு, நோயாளியப் பாத்து பெட் எடு. பேரப் பாத்து எடுக்காத" என்பாள். ஆனாலும் மாற்றிக்கொடுப்பாள்.

அப்படித்தான் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் ஏழாம் கட்டிலை எடுத்தேன். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதுக்கு மேல். முருங்கைத் தோட்டத்தில் மண்வெட்டி பட்டுக் கால் வீங்கி வந்திருந்தார். நோய் செல்லுலைட்டிஸ். லத்தீன்தான், ஆனால் சாதுவான வார்த்தை. எங்கே அழுத்தினாலும் பெரிதாகக் கெட்டுவிடாது.

அவரைச் சேர்க்கும்போது அவருடைய மனைவியிடம் விவரம் எழுதியதும் நான்தான். கணவர் கட்டுப் போடும் அறைக்குள் இருந்தார்.

"நோயாளி பேரு சொல்லுங்கம்மா."

"அட்டையில இருக்குதுங்களே."

"இருக்கு, நீங்களும் சொல்லணும். சரிபாக்கணும்ல."

"அதெப்படிங்க கண்ணு நானு சொல்றது?" என்று காப்பீட்டு அட்டையை என் பக்கம் நகர்த்தி, பெயரின் மேல் விரலை வைத்தார். கட்டி முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். வெளியே வந்து நானும் தோழியும் சிரித்தோம். இந்தக் காலத்துலயுமா என்றேன். ஒரு பெயரைச் சொல்ல என்ன பயம் என்றும் சொன்னேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை பதினொரு மணிவாக்கில் அவருக்குப் புதிதாக ஓர் ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். ஒத்துக்கொள்கிறதா என்று டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. வார்டு சிஸ்டர் டிரிப்பை ஓடவிட்டுவிட்டு, "செத்த நேரம் பக்கத்துலயே நில்லு. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து ஒரு கேஸ கூட்டிட்டு வாரேன்" என்று போனார். தோழி வார்டின் மறுகோடியில் யாருக்கோ கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவி கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

சில நிமிடம் இருக்கும். அவர் கழுத்தைச் சொறிந்தார். எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க என்றார். பார்த்தேன், கழுத்திலிருந்து மார்பு வரை திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. வேறு ஏதோ சொல்ல வந்தார். குரல் தடித்து, வாய்க்குள் துணி வைத்துப் பேசுவது போல வந்தது. மேலுதடு என் கண்ணெதிரே உப்பிக்கொண்டிருந்தது.

இது என்னவென்று எனக்குத் தெரியும், மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் கடும் ஒவ்வாமை. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பதரை வாங்கிய பாடம். கை தானாகப் போய் டிரிப்பின் வால்வை இறுக்கியது. பத்தடி ஓடிக் கவுன்டரில் இருந்த தொலைபேசியை எடுத்து டியூட்டி டாக்டரின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு, ஸ்டூடன்ட் நர்ஸ்" என்றேன். யார், எங்கே, பிறகு என்ன பிரச்சினை. அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். அடுத்தது அந்த வார்த்தை.

அனா.

என் நோட்டின் பக்கம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அனஃபிலாக்ஸிஸ். கிரேக்கம். புள்ளியை முதலில் 'ஃபி' மேல் வைத்திருந்தேன், அழித்து 'லா' மேல் வைத்தேன், அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்துபோயிருந்தது. 'லா'வா, 'ஃபி'யா? மறுமுனையில் இருந்த குரலை யாரென்று தெரிந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லுங்க என்ற அதே குரல்.

"சொல்லுங்க" என்றார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஹலோ?"

பின்னால் ஏழாம் கட்டிலில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. விசில் மாதிரி. கேட்டுக்கொண்டே நின்றேன். இதை எழுதும்போதும் அதைத்தான் நம்ப முடியவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

அப்போது அந்த அம்மா கத்தினார். கணவருடைய பெயரை. வெறும் பெயரை, முன்னால் பின்னால் எதுவும் சேர்க்காமல், தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் அதே பெயர்.

என் வாய் திறந்துவிட்டது. "சார், ஏழாம் பெட். மூச்சு விட முடியல. உதடு வீங்கிருச்சு. மருந்து ஏறும்போது ஆச்சு. ஓடி வாங்க."

"மருந்த நிறுத்தியாச்சா?"

"நிறுத்திட்டேன் சார்."

"அட்ரினலின் எடுத்து வைங்க, வர்றேன்."

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம். தோழி எமர்ஜென்சி டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ஆக்சிஜன் மாட்டினோம். மருத்துவர் வந்து தொடையில் ஊசி போட்டார். விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவரை ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மருத்துவர், அதற்குள் திரும்பி வந்திருந்த சிஸ்டரிடம், "இந்தப் பொண்ணு சீக்கிரமா கூப்பிட்டுச்சு. அதான் காப்பாத்த முடிஞ்சது" என்றார். என் முகம் அவருக்கு நினைவில்கூட இல்லை. நான் பேசாமல் நின்றதை லைன் கோளாறு என்று நினைத்திருப்பார் போல.

சிஸ்டர் என் தோளைத் தட்டினார். தோழி, "ஏலே, இனிமே உன்னைய இஸ்ஸுன்னு கூப்பிட முடியாது போல" என்றாள். நான் சிரித்தேன். அந்த அம்மா ஸ்ட்ரெச்சரின் பின்னால் போகும்போது திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றதைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

கேஸ் ஷீட்டில், மாணவி உடனடியாகத் தகவல் தெரிவித்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த 'உடனடியாக' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அதைவிட, யாருமே கேட்காவிட்டால்? அடுத்த தடவை வேறு யாரோ ஒருவர் மூச்சுக்குத் திணறும்போதும் நான் புள்ளியைத் தேடிக்கொண்டுதான் நிற்பேனா?

மறுநாள் மதியத்துக்குள் அவர் மறுபடி ஏழாம் கட்டிலுக்கு வந்துவிட்டார். வீக்கம் வடிந்து, அசந்து தூங்கினார். ஹேண்ட் ஓவருக்குக் கொஞ்சம் முன்னால் தோழி வந்து, "அந்த வார்த்தைய நான் சொல்லிக்கிறேன். நீ ஒம்பதாம் பெட்டு எடுத்துக்க. வெறும் ஃப்ராக்சர்தான்" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கேஸ் ஷீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வார்த்தை வந்ததும் 'ஃபி'யில் அழுத்தினேன். யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிஸ்டர் 'லா' என்று திருத்தினார். திரும்பச் சொன்னேன். அவ்வளவுதான். மூன்று வருஷம் பயந்தது இரண்டு நொடியில் முடிந்துவிட்டது. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் ஆங்கிலத்திலேயே, தப்பும் தவறுமாகச் சொன்னேன். போனை எடுத்த பிறகு நான் பேசவில்லை, தாமதம் ஆனது, அது என்னால்.

யாரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றார் சிஸ்டர், தமிழில்.

"தெரியல சிஸ்டர். டாக்டர் ரெண்டு தடவை ஹலோ சொன்னாரு."

"ஏன் பேசல?"

"வார்த்தை தப்பாயிருமோன்னு."

சிஸ்டர் கட்டிலில் தூங்குகிறவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. "எழுதியிருக்கறத அடிக்காத. அதுக்குக் கீழ நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடு. நானும் போடுறேன், உன்னையத் தனியா விட்டுட்டுப் போனது நான்தான். சாயங்காலம் உங்க காலேஜ் மேடத்தப் போய்ப் பாரு" என்றார். எல்லாரும் எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

நான் அங்கேயே நின்று எழுதினேன். அந்த அம்மா ஸ்டூலில் இருந்து எழுந்து பக்கத்தில் வந்தார்.

"இங்கிலீசுல என்னமோ சொன்னீங்களே கண்ணு. நானு அவரு பேரச் சொல்லிக் கூப்புட்டனே, அதயா சொன்னீங்க?"

"இல்லைங்கம்மா. நான் சொல்லாம நின்னதச் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "அவருக்குக் கேட்டிருக்குமுங்களா?" என்றார்.

"என்னதுங்க?"

"நானு கூப்புட்டது."

"தெரியலைங்கம்மா."

"முழிச்சதுல இருந்து ஒண்ணுமே சொல்லலீங்க. பயமா இருக்குது."

"எனக்கும்தாங்க" என்றேன்.

பேனாவை மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தூங்குகிறவருடைய மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். பதினெட்டு. அதையும் எழுதி வைத்தேன்.