கைக்கு வந்த கியர்

மண்ணெண்ணெயில் ஊறிய சங்கிலியின் வாடையும் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் நீலப் புகையும் கலந்துதான் மர்பி டவுனில் எங்கள் சந்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும். வண்டி வைத்திருந்த யாரும் அதை வாங்கினபடியே ஓட்டியதில்லை. சீட்டுக்குள் பழைய மெத்தைப் பஞ்சைத் திணிப்பது, ஒழுகும் பெட்ரோல் டேங்கைச் சலவைச் சோப்பால் அடைப்பது, கரி பிடித்த சைலன்சரை விறகுத் தீயில் போட்டு எடுப்பது என்று எதைச் செய்தாலும் அதற்கு ‘ஆல்டர் பண்றது’ என்றுதான் பெயர். என் அப்பா இதில் கெட்டிக்காரர் இல்லை, ஆசைக்காரர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அந்த அவசரம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

நான் ஐந்தாவது படித்தபோது அடுகோடி பக்கம் ஒரு லாரி அவரை இடித்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ரப்பர் பாதம் வைத்த செயற்கைக் காலை மாட்டி, நடக்கப் பழகி, வேலைக்குத் திரும்பினார். ஆனால் கம்பெனியில் அவரை ஸ்டோரில் உட்காரவைத்து, மற்றவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோனது. வண்டி தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. ஒருநாள் அம்மாவின் அண்ணன், என் மாமா, அதை வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அப்பா அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கௌஸ் பாய்க்குச் சொல்லியனுப்பினார்.

கௌஸ் பாய் அடுகோடியில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக், அப்பாவின் பழைய சிநேகிதர். வண்டியில் கியர் மாற்றுவது இடது கால் அல்லவா? முதலில் அவர் கியர் பெடலுக்குப் பின்னால், குதிகாலால் மிதிக்கிற மாதிரி ஓர் இரும்புப் பட்டையை வெல்டு வைத்தார். அது உதவவில்லை, ரப்பர் பாதம் பெடலின் மேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. பிறகு இருவருமாக எங்கள் வீட்டு உடைந்த கட்டிலிலிருந்து ஒரு கம்பியை அறுத்து, அதைப் பெடலின் நுனியில் கோத்து, டேங்கின் ஓரமாக மேலே கொண்டுவந்தார்கள். இடது கையால் கம்பியைத் தூக்கினாலும் அழுத்தினாலும் கியர் மாறியது. ஆனால் கிளட்சைப் பிடிப்பதும் அதே இடது கைதான். ஒரு கை இரண்டு வேலையை எப்படிச் செய்யும்? கௌஸ் பாய் கிளட்ச் பிடியை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றி, அந்தக் கம்பியின் தலையிலேயே பொருத்திவிட்டார். பிடியை அமுக்கிக்கொண்டே கம்பியைத் தூக்கலாம்.

“ஆயிடுச்சுண்ணே, காலுக்கு இனிமே லீவு,” என்றார்.

பக்கத்து மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். வண்டி நன்றாகவே போயிற்று. கியர் ஒவ்வொன்றும் கைக்கு அடங்கி விழுந்தது. ஆனால் நிறுத்தும்போது அப்பா இடது பக்கம் அப்படியே சாய்ந்து விழுந்தார். தூக்கிவிட்டோம். மறுபடி ஓட்டினார், மறுபடியும் அதே பக்கம் விழுந்தார். கௌஸ் பாய் கம்பியை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கை முடுக்கினார். அடுத்த தடவை அப்பாவின் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்தபடியே அம்மாவிடம், மாமா கூட்டிவந்த ஆள் இன்னும் வண்டி தேடுகிறானா என்று விசாரிக்கச் சொன்னார்.

அம்மா ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை பார்த்தாள். வண்டி விஷயத்தில் அதுவரை அவள் வாய் திறந்ததே இல்லை.

“வண்டில தப்பில்லீங்க. ஓடறப்ப நீங்க விழல. நிக்கறப்பதான் விழறீங்க. இன்னும் எடது கால ஊனறீங்க,” என்றாள்.

அப்பா கோணிக் கிடந்த ரப்பர் பாதத்தைக் கையால் நேராக்கி வைத்தார்.

“கால் இருக்கற மாதிரியேதாம்மா தோணுது,” என்றார்.

விபத்துக்குப் பிறகு அந்தக் காலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். கௌஸ் பாய் ஸ்பேனர்களைப் பொறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். “எடுங்க. நிக்கற எடத்துல நான் சொல்றேன்,” என்றாள். வண்டி வேகம் குறைகிற ஒவ்வொரு தடவையும் அவர் வலது தொடையில் ஒரு தட்டுத் தட்டி “வலது” என்பாள். வலது காலைத் தரைக்குக் கொடுத்துவிட்டதால் பின்பிரேக் மிதிக்க ஆள் இல்லை, கடைசியில் கைப்பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். அதையும் சேர்த்தே பழகினார். தினம் ஃபேக்டரிக்குப் போகும் முன் அல்சூர் பக்கத்துச் சந்துகளில் இருவரும் சுற்றிவந்தார்கள். தெருப் பிள்ளைகள் அவர்களைக் கண்டால் “வலது, வலது” என்று கத்துவார்கள். அதற்காக நான் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் ரிப்பனைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா அதையெல்லாம் சட்டையே செய்யவில்லை. பிறகு ஒருநாள் காலை, அவள் வேண்டுமென்றே கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. வலது கால் தரையில் இருந்தது. அம்மா இறங்கி, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அப்பா நேரே கம்பெனிக்குப் போய், சூப்பர்வைசர் கண்ணெதிரே கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஓட்டிக் காட்டினாராம். அவரை மறுபடி லிஃப்ட் வேலைக்கு அனுப்பினார்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்த பிறகு அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த வண்டியை விற்றோம். விற்பதற்காகக் கௌஸ் பாய் வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுத்தார். வாங்கிய பையன் உதைத்துக் கிளப்பி, யோசிக்காமல் இடது பாதத்தைத் தட்டித் தட்டிக் கியர் மாற்றிக்கொண்டு போனான். “எவ்ளோ சுளுவா போறான் பாரு,” என்றார் அப்பா. வருத்தமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

இன்று எங்கள் சந்தில் வண்டிகள் கம்பெனியில் செய்தபடியே நிற்கின்றன; பழுதென்று போன் செய்தால் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். மைதானத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. கௌஸ் பாய் ஷெட்டை மூடிவிட்டு மகனோடு ஓசூரில் இருக்கிறார். வயதாகிவிட்டதால் அப்பா இப்போது ஸ்கூட்டரும் ஓட்டுவதில்லை. எங்கே போவதானாலும் இருவரும் ஆட்டோவில்தான். அம்மா இடது ஓரமாக உட்கார்கிறாள். இடம் வந்ததும் முதலில் இறங்கி, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோளை மட்டும் உள்ளே காட்டி நிற்கிறாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.